கணினி தந்த விடையைச் சோதிப்பதற்கும் மதிப்பெண் வேண்டும்: சேலம் வட்டாரப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல், கணிதப் பாடத்திட்டக் குழுக்களில் பொறுப்பு வகிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

இம்மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கணிப்பு இயற்பியல், எண்ணியல் முறைகள், கணித மாதிரியாக்கம் என்று கல்லூரிக்குக் கல்லூரி வெவ்வேறு பெயரில் நடக்கும் செய்முறைத் தாள்களைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். நிரல் ஓடியது, வரைபடம் வந்தது என்பதற்கு இன்று மதிப்பெண் கொடுக்கிறோம். அந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மாணவர் சோதித்துக் காட்டினால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள் என்பதுதான் அந்த வேண்டுகோள். கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், மாதிரியாக்கம் என்ற கல்வியின் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புவதால், உங்களுக்குள் பேசி முடித்துவிடாமல் மாணவர்களும் பெற்றோரும் படிக்கும்படி திறந்த மடலாக எழுதுகிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் (பெயர் இங்கே தேவையில்லை) செய்முறைத் தேர்வுக்கு இணைத் தேர்வாளராகப் போயிருந்தேன். ஊசலாட்டம் போன்ற தனிச்சீரிசை இயக்கத்தை ஆய்லர் முறையில் (காலத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் அடுத்த நிலையைக் கணக்கிடும் எளிய முறை) தீர்த்து வரைபடம் வரைய வேண்டும் என்பது வினா. ஒரு மாணவி இடப்பெயர்ச்சியின் வரைபடத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றலைக் கணக்கிட்டு இன்னொரு வரைபடமும் வரைந்திருந்தார். அது மேல்நோக்கி வளைந்து போனது. அதன் கீழே பென்சிலால், "ஆற்றல் மாறக் கூடாது, ஆனால் கூடுகிறது, படியைப் பாதியாக்கினால் குறைவாகக் கூடுகிறது, பிழை முறையில் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். புறத்தேர்வாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் உள்ள படத்தோடு ஒத்துவரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த மாணவர், கணினி காட்டிய படத்தைப் பார்க்காமலேயே ரெக்கார்டில் இருந்த அழகான சைன் வளைவை அப்படியே வரைந்து முழு மதிப்பெண் வாங்கினார். அந்த மதிப்பெண் பட்டியலில் நானும் கையெழுத்திட்டேன். அன்று வாய் திறக்காமல் இருந்தது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அந்த மாணவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆய்லர் முறையில் ஒவ்வொரு படிக்கும் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட மடங்கு பெருகும். கோண அதிர்வெண்ணை நேரப்படியால் பெருக்கி, அதன் வர்க்கத்தை ஒன்றோடு கூட்டினால் அந்த மடங்கு கிடைக்கும். அந்தப் பெருக்கல் 0.1 என்றால் படிக்கு 1.01 மடங்கு, ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 63 படிகள், ஓர் அலைவு முடிவதற்குள் ஆற்றல் 1.87 மடங்காகிவிடும். படியைப் பாதியாக்கினால் 126 படிகளில் 1.37 மடங்கு. காற்றில்லா வெளியில் ஆடும் ஊசல் யாரும் தள்ளாமலே ஒவ்வொரு வீச்சுக்கும் உயரம் கூடிப் போகிறது என்று அந்த நிரல் சொல்கிறது. இதில் இன்னொரு அழகு உண்டு. நிரலில் முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக் கொண்டு இடப்பெயர்ச்சியைக் கணக்கிடும்படி ஒரே ஒரு வரியை இடம் மாற்றினால் போதும். ஆற்றல் சிறிதளவு ஏறி இறங்குமே தவிர, எத்தனை ஆயிரம் அலைவுகள் ஓட்டினாலும் கட்டுக்குள் நிற்கும். 1967-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூப் வெர்லே 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் தொடர்ந்தபோது கையாண்ட முறை இதன் நெருங்கிய உறவுதான். ஒரு வரி இடம் மாறினால் பொய்யான ஊசல் மெய்யான ஊசலாகிறது என்பதைத் தன் கண்ணால் கண்ட மாணவர், ஹாமில்டன் சமன்பாடுகள் (இயக்கத்தை இடம், உந்தம் இரண்டாலும் எழுதுபவை) ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்று தானாகவே கேட்பார். நம் தேர்வு முறை அந்தக் கேள்வி எழும் இடத்தை அடைத்துவிட்டு, ரெக்கார்டு நோட்டின் சைன் வளைவுக்குப் பரிசு கொடுத்தது.

சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது ஒரு கேள்வி. தீர்க்க எடுத்துக்கொண்டதே சரியான சமன்பாடுதானா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே விடை தேடலாம். இரண்டாவதற்கு வெளியே போய் அளந்தாக வேண்டும். அப்படி அளப்பதற்கு நம் ஊருக்கு வாய்த்திருப்பதைப் போன்ற இடம் எளிதில் அமையாது. நகரத்திலிருந்து ஏற்காடு போகும் பேருந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. காற்றழுத்த உணரி உள்ள கைபேசி ஒன்று கையில் இருந்தால் அதுவே ஆய்வுக்கூடம்.

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் எப்படிக் குறைகிறது என்பதற்கு நாம் வகுப்பில் இரண்டு மாதிரிகளைக் கற்பிக்கிறோம். ஒன்று, வெப்பநிலை எங்கும் ஒன்றே என்று கொள்வது. மற்றொன்று, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிர்கிறது என்று கொள்வது. கீழே வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், காற்றழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கல் என்றும், உயர வேறுபாடு 1,200 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், முதல் மாதிரி மலைமேல் 854.8 என்கிறது; இரண்டாவது 853.3 என்கிறது. இடைவெளி ஒன்றரை ஹெக்டோபாஸ்கல்தான். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் ஆறு மாணவர்களை அழைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தேன். காலை பத்து மணிக்குக் கீழே அளந்தோம். ஒவ்வொரு வளைவின் எண் பலகையைக் கடக்கும்போதும் ஒருவர் எண்ணைக் கூப்பிட, மற்றொருவர் அழுத்தத்தைக் குறித்தார். மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஏரியைச் சுற்றிவிட்டு, மாலை நான்கு மணி வாக்கில் இறுதி அளவை எடுத்தோம். அந்த அளவு இரண்டாவது மாதிரியின் கணிப்புக்கும் கீழே போயிருந்தது. மாணவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. குளிரும் மாதிரிதான் சரி, காற்று நாம் நினைத்ததைவிட வேகமாகக் குளிர்கிறது என்று பேருந்திலேயே முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்த முடிவு தவறு. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் கடல் ஓதம்போல நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு; இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு. நாங்கள் உச்சத்தில் கீழேயும் தாழ்வில் மேலேயும் அளந்திருந்தோம். எங்கள் இரண்டு மாதிரிகளுக்கும் இடையே இருந்த இடைவெளியைப்போல் இருமடங்கு மாற்றத்தை, இரண்டு மாதிரிகளிலும் இடம்பெறாத ஒன்று செய்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும் போனோம். இம்முறை ஒரு கைபேசியுடன் ஒருவரைக் கீழேயே நிறுத்தினோம். புறப்படுமுன் இரண்டு கைபேசிகளையும் ஒரே மேசைமீது பத்து நிமிடம் வைத்து, அவற்றுக்குள் நிலையாக இருந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் எடுத்த இரு அளவுகளை ஒப்பிட்டபோது ஓதத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. எஞ்சிய பிழை, இரண்டு மாதிரிகளையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குச் சிறியதாக இல்லை. ஒரு மாணவர் தன் நோட்டில், "இந்தக் கருவியைக் கொண்டு எது சரி என்று சொல்ல முடியாது, இரண்டுமே பொருந்துகின்றன" என்று எழுதினார். என் ஆசிரியப் பணியில் நான் திருத்திய தாள்களிலேயே மிகச் சிறந்த விடை அது என்று இன்றும் கருதுகிறேன். நம்முடைய இப்போதைய மதிப்பெண் திட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

இத்துறையின் வரலாறே இப்படிப்பட்ட நேர்மையால் வளர்ந்தது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் வானிலையைச் சமன்பாடுகளால் கணிக்க முதன்முதலில் முயன்றவர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே கையால் கணக்கிட்டார். ஐரோப்பாவில் ஓரிடத்தில் ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று அவருக்கு விடை வந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால் குறையும் அழுத்தத்தைவிட இது அதிகம்; உண்மையில் அன்று அங்கே அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. அவர் அந்தத் தவற்றை மறைக்கவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில் முழுக் கணக்கையும் அச்சிட்டு, தொடக்கக் காற்றோட்டத் தரவுகளே கோளாறுக்குக் காரணம் என்று தம் கணிப்பையும் எழுதினார். அச்சில் இருந்ததால்தான் பின்வந்தவர்கள் அதைத் தோண்டிப் பார்த்து, எங்கே சறுக்கியது என்று கண்டுகொள்ள முடிந்தது. நேரப்படியின் நீளத்துக்கும், இடத்தைப் பிரிக்கும் வலையின் இடைவெளிக்கும் உள்ள கட்டுப்பாட்டை 1928-இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் நிறுவினார்கள். 1950-இல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நாய்மன் ஆகியோர் எனியாக் கணினியில் எளிமையாக்கிய சமன்பாட்டைக் கொண்டு கணித்தபோது நம்பத்தக்க விடைகள் வந்தன.

எதிர்பாராத விடை வந்தால் அது கண்டுபிடிப்பா, பிழையா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கும் இந்தச் சோதனைதான் வழி. 1955-ஆம் ஆண்டில் வந்த ஒரு கணினி ஆய்வறிக்கையில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. நிரல் எழுதும் பணியைச் செய்தவர் மேரி சிங்கூ. நீட்சிக்கு நேர்விகிதத்தில் அமையாத விசையால் பிணைந்த துகள்களின் சங்கிலியில், ஓர் அலைவு வகைக்கு மட்டும் கொடுத்த ஆற்றல் எல்லா வகைகளுக்கும் பரவிச் சமமாகும் என்று எதிர்பார்த்தார்கள். பரவிய ஆற்றல் பெரும்பாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களாக இருந்திருந்தால் நிரலில் ஏதோ கோளாறு என்று அதை ஒதுக்கியிருப்பார்கள். பத்து ஆண்டு கழித்து ஸபுஸ்கியும் க்ரூஸ்கலும் அந்தப் புதிரைத் தொடர்ந்து போய் சாலிட்டான் என்ற தனியலையை அடைந்தார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முருகானந்தம், பிரேசிலில் பணிபுரிந்த எஸ். கே. அதிகாரி என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து, போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை (மிகக் குளிர்ந்த அணுக்கள் ஒரே நிலையில் ஒன்றுசேர்ந்த பொருளை) விவரிக்கும் க்ராஸ்-பிடாயெவ்ஸ்கி சமன்பாட்டைத் தீர்ப்பதற்கான ஃபோர்ட்ரான் நிரல்களை 2009-இல் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அலைச்சார்பின் நெறிமம் (அதன் வர்க்கத்தின் மொத்தக் கூட்டல்) காலப்போக்கில் ஒன்றாகவே நிற்கிறதா, படியைக் குறைத்தால் வேதி நிலையாற்றல் (chemical potential) என்ற அளவின் எத்தனை தசம இலக்கங்கள் மாறாமல் இருக்கின்றன என்று நம் முதுநிலை மாணவர்கள் அந்த நிரல்களிலேயே பழகலாம். அச்சான ஓர் ஆய்வுக் கட்டுரையின் எண்ணைத் தன் மேசைக் கணினியில் தானே மீண்டும் பெற்றுவிட்ட மாணவருக்கு, ஆராய்ச்சி என்பது எங்கோ எட்டாத உயரத்தில் நடப்பதாகத் தோன்றாது.

இந்த அக்கறை ஆய்வகத்தோடு முடிந்துவிடுவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிக் கொட்டிய மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். சரிவின் உறுதியைக் கணிக்க மிக எளிய மாதிரி ஒன்று உண்டு: தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தால் வரும் எண் ஒன்றுக்குக் கீழே போனால் மண் சரியும். 35 பாகைச் சரிவு, 2 மீட்டர் ஆழ மண், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை, 32 பாகை உராய்வுக் கோணம், 5 கிலோபாஸ்கல் பிடிமானம் என்று கொடுத்தால் உலர்ந்த நிலையில் விடை 1.19. மழையில் சறுக்குத் தளத்துக்கு மேலே ஒரு மீட்டர் நீர் ஏறினால் 0.94. பிடிமானத்தை மட்டும் 5-க்குப் பதில் 8 என்று மாற்றினால், அதே மழையில் விடை 1.12. மூன்று கிலோபாஸ்கல் என்பது அந்த இடத்தில் எந்த மரத்தின் வேர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தே மாறிவிடக்கூடிய அளவு. மாணவர் பாடநூலிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டு, 1.12 என்று அச்சிட்டு, பாதுகாப்பானது என்று கீழே கோடிட்டால், அவருடைய நிரலில் ஒரு பிழையும் இருக்காது. ஆனால் அந்த விடையை நம்பி ஒரு பேருந்தை அந்த வழியே அனுப்பக் கூடாது. பிடிமானத்தை 3 முதல் 10 வரை மாற்றி ஓட்டி, விடை எங்கே ஒன்றைக் கடக்கிறது என்று காட்டியவரே மாதிரியை முழுமையாகப் பயன்படுத்தியவர். நாளை இந்த மாவட்டத்தில் பொறியாளராகவோ வருவாய்த் துறை அலுவலராகவோ உட்காரப் போகிறவர்கள் இன்று நம் ஆய்வகங்களில்தான் இருக்கிறார்கள்.

இப்போது இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாத ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஆய்லர் முறையைவிடத் துல்லியமான ரூங்கே-குட்டா முறைக்குப் பைத்தானில் நிரல் வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதைத் தடை செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை செய்தால் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய காலத்துக்கே திரும்பிப் போவோம். நிரல் எழுதும் திறனை மட்டும் அளந்துவந்த தேர்வு இனி எதையும் அளக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதே நல்லது. கருவி தந்த நிரலில் இடம் மாறிக் கிடக்கும் ஒரு வரியை ஆற்றல் வரைபடத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் மாணவருக்குத்தான் இனி வேலையும் உண்டு, மதிப்பும் உண்டு.

ஆகவே நான் கேட்பது இதுதான். செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில் நூற்றுக்கு நாற்பதையாவது சோதனைக்கு ஒதுக்குங்கள். குறைந்தது மூன்று படி நீளங்களில் ஓட்டி விடை எப்படி மாறுகிறது என்று காட்டுவது, மாறக் கூடாத ஓர் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பது, கையால் தீர்க்கத்தக்க ஓர் எளிய நிலையோடு ஒப்பிடுவது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். புதிய கணினிகளோ புதிய மென்பொருளோ இதற்கு வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு செய்முறைக்கும் பின்னால் ஒரு பக்கத்தை விட்டு, விடையை எதுவரை நம்பலாம், எதற்குமேல் நம்பக் கூடாது என்று மாணவர் தம் சொந்தச் சொற்களில், விரும்பினால் தமிழிலேயே, எழுதச் சொல்லுங்கள். ரெக்கார்டுப் படத்திலிருந்து விடை மாறியிருப்பதை மட்டும் காரணமாக வைத்து மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று தேர்வாளர்களுக்கான குறிப்பில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால் அந்த மாணவிக்கு அநீதி நடந்திருக்காது.

இயற்பியல் மாணவர்களும் கணித மாணவர்களும் ஒரு பருவத்திலாவது ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதும் என் நெடுநாள் ஆசை. நிலைத்தன்மைக்கான நிபந்தனையைக் கணிதத் துறை தேற்றமாக நிறுவுகிறது. இயற்பியல் துறை அந்த நிபந்தனையைக் கேள்விப்படாமலேயே வெப்பப் பரவல் நிரலை ஓட்டி, விடை தாறுமாறாகப் போனதும் கணினியைக் குறை சொல்கிறது. இரண்டு துறைகளுக்கும் இடையே பல கல்லூரிகளில் ஒரு தாழ்வாரம்தான் குறுக்கே இருக்கிறது. இதற்குத் துறைத் தலைவர்களின் இசைவு தேவை என்பதும், அது எளிதில் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்; அதனால் இதை வற்புறுத்தாமல் உங்கள் பரிசீலனைக்கு மட்டும் வைக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் ஏதாவது ஒரு சனிக்கிழமை உங்களில் நால்வர் வர இசைந்தால், காலை ஒன்பது மணிக்குச் சேலத்தில் இரண்டு கைபேசிகளையும் ஒரே மேசைமீது வைத்து வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஏற்காடு பேருந்தைப் பிடிப்போம். வளைவுகளின் உயரங்களைக் குறித்த என் பழைய நோட்டுப் புத்தகத்தை நான் எடுத்து வருகிறேன். ஒருவர் மட்டும் ஒரு கைபேசியுடன் மாலை வரை கீழேயே இருக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கன்னங்குறிச்சி, சேலம்